வாங்குமுன் ஒப்பீட்டை வைத்துக்கொள்வது எப்படி: கொழும்பு நுகர்வோருக்கு ஒரு வழிகாட்டி

சுப்பர் மார்க்கெட்டின் தட்டில் எந்தப் பால்மா கண்மட்டத்தில் நிற்க வேண்டும், எந்தச் சவர்க்காரம் கீழ்த்தட்டுக்குப் போக வேண்டும், உணவு விநியோகச் செயலியின் எந்தப் பெட்டியில் ‘சரி’ அடையாளம் முன்கூட்டியே இடப்பட்டிருக்க வேண்டும் என்பவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் தீர்மானித்திருக்கிறார். தெரிவுகளை அடுக்கும் விதம் மனிதரின் முடிவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராயும் துறையே நடத்தைசார் பொருளியல். அத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான டேனியல் கானமன் 2002 இலும், அதை நுகர்வோர் சந்தைக்கும் அரச கொள்கைக்கும் கொண்டுவந்த ரிச்சர்ட் தேலர் 2017 இலும் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் ‘நட்ஜ்’ என்று அழைத்த மென்தூண்டலுக்கு ஓர் எல்லை உண்டு. எதையும் தடை செய்யாமலும், விலையையோ செலவையோ குறிப்பிடத்தக்க அளவு மாற்றாமலும், தெரிவுகள் நம் முன் வைக்கப்படும் முறையால் மட்டும் நம்மை ஒரு பக்கம் சாய்ப்பதே தூண்டலாகும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும் போவது சட்டக் கட்டாயம். அது தூண்டல் அல்ல. மென்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு வட்டம் தூண்டல்; அதைக் கண்டபின்பும் போத்தலை வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இவற்றைப் படித்து அறிந்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அறிவு மட்டும் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை என்பதே என் கருத்து. கடைக்குள் நின்று மனத்தை அடக்க முயல்பவர், எதிராளி கீறிய கோட்டுக்குள் விளையாடுகிறார். எதை எதனோடு ஒப்பிடுவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு புறப்படுபவருக்கு மன உறுதி அவ்வளவாகத் தேவைப்படாது. கீழே சொல்லப்படும் செய்முறைகள் பெரும்பாலும் இந்த ஒன்றையே பல இடங்களில் செய்து காட்டுகின்றன.

வீட்டுக்கென்று ஒரு விலைக்குறிப்பு

கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, நாம் ஒரு விலையைத் தனித்துப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே மனத்தில் இருக்கும் ஓர் ஒப்பீட்டுப் புள்ளியிலிருந்து அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்றே பார்க்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்து இழப்பது, அதே அளவு பெறுவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு உறுத்துகிறது என்பது அவர்கள் பின்னர் செய்த மதிப்பீடு. எனவே ஒப்பீட்டுப் புள்ளியை யார் வழங்குகிறாரோ அவரே உங்கள் மகிழ்ச்சியையும் தீர்மானிக்கிறார். ‘முன்பு 1,450, இப்போது 1,150’ என்று எழுதி முன்னையதைக் குறுக்காக வெட்டிக் காட்டும் விலைச்சீட்டு, அந்தப் புள்ளியை உங்களுக்காகவே அச்சிட்டுத் தருகிறது.

இலங்கையில் இச்சிக்கல் 2022 இன் பின்னர் இன்னும் கூடியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியது. அதுவரை பல ஆண்டுகளாக நம் மனத்தில் ஊறியிருந்த விலைகள் அனைத்தும் ஒரே ஆண்டில் பயனற்றுப் போயின. 2021 இன் விலையை இன்னும் நினைவில் வைத்திருப்பவருக்கு எல்லாமே கொள்ளை விலையாகத் தோன்றுவதால், அவர் எதையும் ஒப்பிடாமல் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கூடையில் போடுகிறார். நெருக்கடியின் உச்ச விலையை நினைவில் வைத்திருப்பவருக்கோ எதுவும் மலிவாகத் தோன்றுகிறது. கடைக்காரருக்கு இருவருமே நல்ல வாடிக்கையாளர்கள்.

இதற்கான மருந்து மிக எளியது, சற்று அலுப்பூட்டுவது. உங்கள் வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வாங்கும் பொருள்களில் ஏறத்தாழ இருபதைத் தெரிவு செய்யுங்கள்: அரிசி, மைசூர்ப் பருப்பு, பால்மா, தேயிலை, சீனி, தேங்காய் எண்ணெய், செத்தல் மிளகாய், சவர்க்காரத் தூள் என்பன போன்றவை. கையிலிருக்கும் பற்றுச்சீட்டுகளைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் வணிகப் பெயர், நிகர நிறை, விலை, 100 கிராமுக்கான விலை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளாயினும் தொலைபேசியில் உள்ள குறிப்பாயினும் சரி. பின்னர் ஒவ்வொரு பொருளுக்கும் கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் கண்ட மிகக் குறைந்த விலையைக் கோடிட்டு வையுங்கள். இனி உங்கள் ஒப்பீட்டுப் புள்ளி அதுவே. விலைச்சீட்டில் வெட்டப்பட்டிருக்கும் எண் அன்று. ‘20 சதவீத விலைக்கழிவு’ என்ற பலகையைக் கண்டால், கழிவின் பின்னான விலை உங்கள் கோட்டுக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது மட்டுமே கேள்வி. கீழே நின்றால் இரண்டாக வாங்கலாம். மேலே நின்றால் அது வெறும் சிவப்பு மை.

இந்தக் குறிப்பில் நிகர நிறையை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விலையேற்றம் வாங்குபவரின் கண்ணில் உடனே படும். பொதியின் நிறை சிறிது குறைவது படாது. பழைய விலை, பழைய உறை, உள்ளே மட்டும் ஒரு வரிசை குறைவு என்ற நிலை பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் புதிதல்ல. மேலும் பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் இக்கணக்கு சோதித்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு: 85 கிராம் பிஸ்கட் பொதி 130 ரூபாய், ‘குடும்பப் பொதி’ என்று பெரிதாக எழுதப்பட்ட 330 கிராம் பொதி 560 ரூபாய். தொலைபேசியில் விலையை நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால், சிறியது 100 கிராமுக்கு 153 ரூபாய், பெரியது 170 ரூபாய். ஒவ்வொரு 100 கிராமுக்கும் குடும்பம் பதினேழு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. எல்லாப் பெரிய பொதியும் இப்படி என்றில்லை. ஆனால் வகுத்துப் பார்க்கும்வரை எது எப்படி என்று தெரியாது.

விலைகள் 990 என்றும் 1,990 என்றும் முடிவதைப் பற்றிப் பலரும் அறிவர், அறிந்தும் இடப்பக்க எண்ணையே வாசிக்கிறோம். அமெரிக்காவில் எரிக் அண்டர்சனும் டங்கன் சிமெஸ்டரும் தபால்வழி ஆடை விற்பனையில் நடத்திய, 2003 இல் வெளியான பரிசோதனையில் ஒரே வகை ஆடை 34, 39, 44 டொலர் என்ற மூன்று விலைகளில் விற்கப்பட்டது; அதிகம் விற்றது மலிவான 34 அல்ல, 39. பட்டியலில் எழுதும்போதே மேல்நோக்கி முழுமைப்படுத்தி 2,000 என்று எழுதுவது இதற்குப் போதும்.

மூன்று அளவில் விற்கப்படும் பானங்களில் வேறொரு வித்தை நடக்கிறது. சிறிய ஐஸ் கோப்பி 650, நடுத்தரம் 950, பெரியது 1,000 என்று பலகை சொல்கிறது என்று வையுங்கள். நடுத்தரத்தை வாங்க யாரும் முன்வரமாட்டார்கள். அது விற்பதற்காக வைக்கப்படவும் இல்லை. பெரியதை நியாயமானதாகக் காட்டுவதற்காகவே அது நிற்கிறது. ஹியூபர், பெய்ன், புட்டோ ஆகியோர் 1982 இல் விளக்கிய பொறி இது. பலகையை நிமிர்ந்து பார்க்குமுன் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். அல்லது யாரும் வாங்காத அந்த நடு வரியைக் கையால் மறைத்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும்

பேரம் பேசும் சந்தையில் முதலில் சொல்லப்படும் எண் நங்கூரமாகிவிடுகிறது. ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974 இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுழல்சக்கரப் பரிசோதனை வருகிறது. சக்கரம் 10 இலோ 65 இலோ மட்டும் நிற்குமாறு செய்யப்பட்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று பின்னர் கேட்டபோது, 10 ஐக் கண்டவர்களின் இடைநிலை விடை 25 ஆகவும், 65 ஐக் கண்டவர்களின் இடைநிலை விடை 45 ஆகவும் இருந்தது. சக்கரத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் வியாபாரி ஒரு பயணப்பைக்கு ‘ஒன்பதாயிரம்’ என்று சொல்லும்போது, அது நடக்காத விலை என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனினும் 6,500 க்கு முடிந்ததும் வென்றதாக உணர்கிறீர்கள். அந்தப் பை 4,500 பெறுமதியானதா என்ற கேள்வியே எழுவதில்லை.

இங்கே செய்ய வேண்டியவை சில. விலை கேட்குமுன், இதற்கு மேல் கொடுக்கமாட்டேன் என்ற எண்ணை மனத்தில் அன்றி எழுத்தில் வையுங்கள். தொலைபேசியில் தட்டச்சு செய்தால் போதும். அதே பொருளை விற்கும் இன்னொரு கடையில், வாங்கும் எண்ணம் இன்றியே விலை விசாரியுங்கள். பேரம் தொடங்கிய பின் வியாபாரி சொன்ன எண்ணிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்காதீர்கள். உங்கள் எண்ணிலிருந்து எவ்வளவு ஏறலாம் என்று யோசியுங்கள். பேச்சுவார்த்தைகளில் தன் இலக்கின் மீதே கவனத்தை வைத்திருப்பவரிடம் நங்கூரத்தின் பிடி தளர்கிறது என்று கலின்ஸ்கியும் முஸ்வைலரும் 2001 இல் காட்டினர். பொருளின் விலை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் முதல் எண்ணை நீங்களே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தெரியாத பொருளென்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

நகை வாங்குவது வேறு கணக்கு. ஒரு கடையில் கூலி இல்லை, சேதாரம் உண்டு. அடுத்த கடையில் சேதாரம் குறைவு, கூலி தனி. மூன்றாவது கடை பழைய நகைக்கு ‘கூடுதல் விலை’ தருகிறது. ஒரே தொகையை மூன்று விதமாகப் பிரித்துக் காட்டினால் மூன்றும் வெவ்வேறாகவே தோன்றும். அவர்கள் பிரித்த விதத்துக்குள் நின்று ஒப்பிட முடியாது. எந்தக் கடையிலும் மூன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள்: நகையின் நிகர நிறை, அன்றைய 22 கரட் விலைப்படி அந்த நிறைக்கான தங்கத்தின் பெறுமதி, நீங்கள் கையில் கொடுக்கப்போகும் மொத்தத் தொகை. மொத்தத்திலிருந்து தங்கத்தின் பெறுமதியைக் கழித்து மீதியை கிராமால் வகுத்தால், ஒரு கிராமுக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் மேலதிகம் கிடைக்கும். கூலி, சேதாரம், கழிவு என்ற பெயர்கள் எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துவிடும். கல் பதித்த நகையாயின் கல்லின் நிறையைத் தனியாகக் கேட்க மறக்க வேண்டாம்.

திரையில் ஏறிக்கொண்டே போகும் விலை

உணவகத்தின் பட்டியலில் 2,400 ரூபாய் என்றிருக்கும் ஒரு வேளை உணவுக்கு, விலைக்கு வெளியே 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அவற்றின் கூட்டுத்தொகைமீது 18 சதவீத வற் வரியும் சேருமாயின், மேசைக்கு வரும் சிட்டை 3,115 ரூபாயாகும். 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதமாக இருப்பதால், இவ்விரண்டும் தனியாகச் சேர்க்கப்படும் இடங்களில் பட்டியல் விலையோடு முப்பது சதவீதத்தைச் சேர்த்தே வாசிப்பது நல்ல பழக்கம். பட்டியலைத் திறந்தவுடன், ‘விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா’ என்று பரிமாறுபவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செயலிகளில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. உணவின் விலை முதலில்; விநியோகக் கட்டணம் அடுத்த திரையில்; சேவைக் கட்டணம் சிறிய எழுத்தில்; முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்ட அன்பளிப்புத் தொகை கடைசியில். பசியோடு நான்கு திரைகளைக் கடந்து வந்தவர் ஐந்தாவது திரையில் திரும்பிப் போவது அரிது. அமெரிக்காவில் நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு விற்கும் ஸ்டப்ஹப் தளத்தில் மிகப் பெரிய பரிசோதனை ஒன்று நடத்தப்பட்டது. கட்டணங்களை இறுதியில் மட்டும் கண்டவர்கள், தொடக்கத்திலேயே கண்டவர்களைவிட ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதலாகச் செலவிட்டனர்.

ஆகவே செயலியில் உணவுகளை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு இறுதித் தொகைகளை ஒப்பிடுங்கள். ஒரே உணவை இரண்டு செயலிகளின் கூடையிலும் இட்டுப் பணம் செலுத்தும் திரைவரை சென்று, அங்கே நிற்கும் எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் அந்தக் கடைக்கே தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். செயலியிலுள்ள விலையும் கடைப் பலகையிலுள்ள விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வித்தியாசத்தைக் கண்டபின்பும் மழையில் நனைய விருப்பமில்லை என்று செயலியிலேயே வாங்கினால், அது நீங்கள் அறிந்து கொடுக்கும் விலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’, ‘சலுகை முடிய 09:47’, ‘இப்போது 36 பேர் பார்க்கிறார்கள்’ என்பன இழப்பச்சத்தைத் தொடும் தூண்டல்கள். அருணேஷ் மாத்தூரும் சகாக்களும் 2019 இல் ஏறத்தாழ 11,000 வணிகத் தளங்களை ஆராய்ந்து, அவற்றில் 11 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் இத்தகைய சூழ்ச்சி வடிவமைப்புகளைக் கண்டனர். சில தளங்களில் கடிகாரம் முடிந்த பின்னும் அதே சலுகை தொடர்ந்தது. இந்தியா 2023 நவம்பரில் 13 வகைச் சூழ்ச்சி வடிவமைப்புகளைப் பெயரிட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கடிகாரம் மெய்யா பொய்யா என்று அறிய எளிய வழி, பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் இன்னொருவரின் தொலைபேசியில் திறப்பது. 11.11 போன்ற பெருவிற்பனை நாள்களுக்கு, விரும்பும் பொருளின் விலையை ஒக்டோபர் தொடக்கத்திலேயே திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் வெட்டிக் காட்டப்படும் ‘முன்னைய விலை’ உண்மையில் முன்பு இருந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பணம் செலுத்தும் முறையையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். ட்ரேசன் பிரெலெக்கும் சிமெஸ்டரும் 2001 இல் வெளியிட்ட ஏலப் பரிசோதனையில், கடனட்டையால் செலுத்தலாம் என்று அறிந்தவர்கள் காசாகச் செலுத்த வேண்டியவர்களைவிட இரு மடங்குவரை கூடுதலாகக் கேட்டனர். எனவே செயலிகளில் சேமிக்கப்பட்டிருக்கும் அட்டை விவரங்களை நீக்குங்கள். பதினாறு இலக்கங்களையும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் பாதிக் கொள்வனவுகள் எழுந்துபோய் அட்டையைத் தேடும் சோம்பலிலேயே நின்றுவிடும். அறிவித்தல்களை அணையுங்கள். ‘மூன்று தவணையில் வட்டியின்றி’ என்ற வாய்ப்பு வரும்போது, தவணைத் தொகையை அன்றி மொத்தத் தொகையை வாசியுங்கள். அதே பொருளைக் காசுக்கு வாங்கினால் கழிவு உண்டா என்று அதே கடையில் கேளுங்கள். உண்டென்றால் அந்தக் கழிவுதான் உங்கள் வட்டி.

தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாக்களுக்கு ஒரு மாலை ஒதுக்குவது தகும். வங்கி அறிக்கையையும் தொலைபேசிக் கணக்கையும் எடுத்து, மாதாமாதம் வெட்டப்படும் சிறு தொகைகளை அடையாளமிடுங்கள்: அழைப்பு இசை, செய்தித் துணுக்கு, பார்க்காத ஒளிபரப்புச் சேவை, போகாத உடற்பயிற்சி நிலையம். கடைசியதைப் பற்றி டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. 70 டொலருக்கு மேல் மாதக் கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறையே சென்றனர், ஆக ஒரு முறைக்கு 17 டொலருக்கு மேல் கொடுத்தனர். அதே நிலையத்தில் பத்து முறைக்கான சீட்டை எடுத்திருந்தால் ஒரு முறைக்கு 10 டொலரே ஆகியிருக்கும். இலவச மாதம் என்று சேரும்போதே, நிறுத்தும் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். சேர ஒரு தட்டல், விலகக் கிளைக்கு நேரில் வர வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தேலர் சேற்றுக்கு ஒப்பிட்டார். நிபந்தனைகளில் முதலில் வாசிக்க வேண்டியது விலகும் வழியையே.

முத்திரை அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக: எட்டு முத்திரை தேவைப்படும் அட்டையைவிட, பத்து முத்திரை தேவைப்பட்டு இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டையை நிறைவு செய்தவர்களே அதிகம் என்று நூனெஸும் ட்ரேஸும் 2006 இல் காட்டினர், 19 சதவீதத்துக்கு எதிராக 34 சதவீதம். புள்ளி அட்டைகளை வைத்திருங்கள், புள்ளிக்காக வாங்காதீர்கள்.

அதே கருவி, உங்கள் பக்கம்

மனிதர் இயல்புநிலையை, அதாவது தாம் எதுவும் செய்யாவிட்டால் தானாக நடப்பதை, மாற்றச் சோம்புகிறார்கள் என்றால், இயல்புநிலையை நல்லதாக ஒருமுறை அமைத்துவிட்டால் அதே சோம்பல் உங்களுக்காக உழைக்கும். தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004 இல் வெளியிட்ட திட்டத்தில், ஊழியர்கள் இப்போது சேமிக்கக் கேட்கப்படவில்லை. அடுத்த சம்பள உயர்வின் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போக முன்கூட்டியே சம்மதித்தனர். அவர்களின் சேமிப்பு வீதம் நாற்பது மாதங்களில் 3.5 இலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கொழும்பில் இதைச் செய்ய நிறுவனத்தின் உதவி வேண்டாம். சம்பளம் வரவாகும் மறுநாளே ஒரு தொகை, அட்டை இல்லாத வேறொரு சேமிப்புக் கணக்குக்குச் செல்லுமாறு வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் கொடுங்கள். சம்பள உயர்வுக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே அந்தத் தொகையைக் கூட்டுங்கள். முதல் உயர்ந்த சம்பளம் கைக்கு வருமுன் கூட்டிவிட்டால் அது இழப்பாக உறைக்காது.

நம்மவரிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அலுவலகத்திலும் ஒழுங்கையிலும் பிடிக்கும் சீட்டு, வட்டி தராவிட்டாலும் பலரைச் சேமிக்க வைத்திருக்கிறது. பத்துப் பேர் முன்னிலையில் ‘இந்த மாதம் இல்லை’ என்று சொல்லும் கூச்சமே அதன் பலம். பிலிப்பைன்ஸில் அஷ்ரஃப், கார்லன், யின் ஆகியோர் ஆராய்ந்த, குறித்த இலக்குவரை பணத்தை எடுக்க இயலாத கணக்கும் இதே பலத்தைப் பயன்படுத்தியது. அது வழங்கப்பட்டவர்களின் சேமிப்பு ஓராண்டின் பின் மற்றக் குழுவைவிட 81 சதவீதம் கூடியிருந்தது. எனினும் சீட்டில் தலைவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது கடினம். ஆகவே தெரிந்தவர்களோடு, சிறு தொகையில், குறுகிய காலச் சீட்டு மட்டும் போதும். ஏலச் சீட்டின் கழிவைக் கண்டு மயங்கிப் பெருந்தொகை போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தத் தூண்டலுக்கு இணங்கலாம்

எல்லாத் தூண்டலையும் எதிர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மூன்று கேள்விகள் உதவும்: அது வெளிப்படையாகத் தெரிகிறதா, மறுப்பது எளிதா, இணங்கினால் பயன் யாருக்கு? 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சீனி வண்ணக் குறியீடு மூன்றிலும் தேறுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. அதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நிறம் நூறு மில்லிலீற்றருக்கானது, போத்தலுக்கானது அன்று. 100 மில்லிலீற்றரில் 7 கிராம் உள்ள செம்மஞ்சள் பானத்தை 400 மில்லிலீற்றர் போத்தலாகக் குடித்தால் 28 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி, உள்ளே போகிறது. செம்மஞ்சளைப் ‘பரவாயில்லை’ என்று வாசித்துவிடக் கூடாது.

2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதியில் விலையும் கலந்திருப்பதால், கண்டிப்பாகப் பார்த்தால் அது தூய தூண்டல் அல்ல. ஆயினும் அதன் வேலை அந்தச் சிறு தொகையால் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதியில் டத்தியானா ஹோமொனோஃப் நடத்திய ஆய்வில், பைக்கு 5 சதம் வரி விதித்தபோது பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சொந்தப் பை கொண்டுவருவோருக்கு அதே 5 சதத்தைச் சலுகையாகக் கொடுத்தபோது ஏறத்தாழ எதுவும் மாறவில்லை. துணிப்பையை வாசற்கதவின் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். அலுமாரிக்குள் மடித்து வைத்த பை கடைக்கு வராது.

இத்துறையின் புகழ்பெற்ற கதைகள் அனைத்தும் ஒரே உறுதியுடையவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000 இல் வெளியிட்ட ஜாம் ஆய்வில், 24 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதமும் 6 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 30 சதவீதமும் வாங்கினர். விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இது வேதவாக்கு. ஆனால் 2010 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிவு மிகையின் சராசரி விளைவு ஏறத்தாழ பூச்சியமாக இருந்தது. டெல்லாவிக்னாவும் லினோஸும் 2022 இல் காட்டியபடி, ஆய்விதழ்களில் வெளியான தூண்டல்களின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அரசுகளுக்காகத் தூண்டல்களைச் சோதிக்கும் அமெரிக்காவின் இரு பெரிய பிரிவுகள் நடத்திய அத்தனை பரிசோதனைகளையும் சேர்த்தால் 1.4 மட்டுமே. இந்த வழிகாட்டியில் இயல்புநிலைக்கும் ஒப்பீட்டுப் புள்ளிக்கும் அதிக இடம் கொடுத்து, கடைத்தட்டின் அடுக்கு, நிறங்கள், இசை போன்றவற்றை விட்டதற்குக் காரணம் அதுவே.

தூண்டல் எல்லை கடந்து பொய்யாகும்போது செய்முறை வேறு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. தட்டில் ஒரு விலையும் காசாளரிடம் வேறு விலையும் வந்தால், குறிக்கப்பட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால், அறிவித்த கழிவு சிட்டையில் இல்லாவிட்டால், முதலில் கடை முகாமையாளரிடம் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். பெரும்பாலானவை அங்கேயே தீரும். தீராவிடின் 1977 என்ற துரித இலக்கத்தில் அதிகார சபையை அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தட்டின் விலைச்சீட்டைப் பொருளோடு சேர்த்து எடுத்த படம், பற்றுச்சீட்டு, இணையக் கொள்வனவாயின் பணம் செலுத்துமுன் எடுத்த திரைப்பிடிப்பு ஆகியவற்றை இணையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பற்றுச்சீட்டின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால், அதையும் அன்றே படமெடுத்து வைப்பது நல்லது.